பக்கத்து அறைக்கான விதி

அவனை எல்லோரும் 'ரூல்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது; அது அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். பகலில் அவனுக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உத்தியோகம். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து அலறுகிறவர்களிடம், "பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கார்" என்று போனில் சொல்வதுதான் வேலை. பதினான்கு வருஷமாகச் சொல்கிறான். நிதானமான குரல். கேட்டாலே பாதி பயம் போய்விடும் என்று மேலதிகாரியே பாராட்டியிருக்கிறார்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் விளையாட்டுக்கு விதி எழுதுவான். விளையாட்டு என்றால் பந்தும் மட்டையும் அல்ல. நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுவார்கள். கதை நடப்பது இன்னும் எண்பது வருஷம் கழித்து, மழையும் விளம்பர வெளிச்சமும் ஓயாத ஒரு நகரத்தில். பணக்காரர்கள் மேலடுக்கில் இருப்பார்கள். இல்லாதவர்கள் கீழடுக்கில், யாரோ கழற்றிப் போட்ட இயந்திரக் கையையும் இயந்திரக் கண்ணையும் சந்தையில் வாங்கி உடம்பில் மாட்டிக்கொண்டு பிழைப்பார்கள். "நான் அந்தப் பூட்டைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பூட்டு திறந்ததா, விரல் போனதா என்று விழுந்த எண் சொல்லும். வயது வந்தவர்கள், பொறுப்பான வேலையில் இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். சிரிக்காதீர்கள். அதே மத்தியானத்தில் இதைவிட மோசமான காரியம் செய்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர்.

மூல விளையாட்டை எப்போதோ யாரோ எழுதிவிட்டார்கள். ஆனால் ஆடுகிறவர்களுக்குப் போதும் என்ற மனம் ஏது? புதுத் தெரு வேண்டும், புது வில்லன் வேண்டும், புது ஆபத்து வேண்டும். அதற்காகத்தான் துணை விதிப் புத்தகங்கள். ரூல்ஸ் எழுதியது அதில் ஒன்று, பெயர் 'பழைய உறுப்புச் சந்தை', அறுபத்து நாலு பக்கம். அதன் உயிர் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது: பழைய உறுப்புகளின் கோளாறுகள், ஒன்று முதல் இருபது வரை ஒரு பட்டியல். சந்தையில் கை வாங்கினாயா, பகடையை உருட்டு. எந்த எண் விழுகிறதோ அந்தக் கோளாறு உன் தலையெழுத்து.

பத்தொன்பது கோளாறுகளை அவன் யோசித்து எழுதினான். பதினேழாவதை யோசிக்கவில்லை. பார்த்து எழுதினான்.

அவனுக்கு ஒரு தங்கை. அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அட்டை வெட்டும் இயந்திரம் அவள் வலது கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டது. இப்போது அதே ஆலையின் ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு இயந்திரக் கை பொருத்தியிருக்கிறார்கள். முன்கைத் தசையை ஒரு விதமாக இறுக்கினால் விரல் மூடும், இன்னொரு விதமாக இறுக்கினால் திறக்கும். பேட்டரி அடிக்கடி சொல்லாமல் கொள்ளாமல் தீரும், தீர்ந்தால் எப்படி இருந்ததோ அப்படியே பூட்டிக்கொள்ளும். விடுவிப்பதற்கு மணிக்கட்டின் உட்புறம், உறைக்கடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. நகத்தால் நெம்பினால் போதும். இடது கை சும்மா இருந்தால் ஒரு நொடி வேலை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, பாத்திரம் கழுவப் போனவள் இடது சட்டைக் கையை மேலே இழுத்துவிட இயந்திரக் கையை நீட்டினாள். அது சட்டையைப் பிடித்தது, சட்டையோடு சேர்த்து மணிக்கட்டையும் பிடித்தது, பிடித்த கையோடு பேட்டரியும் தீர்ந்தது. அவள் கையே அவள் கைக்கு விலங்காகிவிட்டது. போனை எடுக்க முடியாது, தாழ்ப்பாளைத் திறக்க முடியாது, கொக்கியைத் தொட முடியாது.

"அண்ணா, போயிட்டியா?" என்று கூப்பிட்டாள்.

ஏனென்றால் அவன் சற்று முன்புதான், "ரொட்டி வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாசல் கதவைத் திறந்திருந்தான். கதவு சாத்திய சத்தத்தை அவள் கேட்டாள். சாத்தினான், ஆனால் போகவில்லை. பதினாறாவது கோளாறுக்கு ஒரு நல்ல வார்த்தை திடீரென்று அகப்பட, மறந்துபோவதற்குள் எழுதிவிடலாமென்று திரும்பித் தன் அறைக்குள் போயிருந்தான். தங்கையின் குரல் கேட்டதும் எழுந்தான். அதை யாரும் மறுக்க முடியாது, எழுந்தான். வெறுங்காலோடு வந்து பாதி திறந்திருந்த சமையலறைக் கதவருகே நின்றான். அவள் முதுகு தெரிந்தது. கைக்குள் கை மாட்டியிருந்ததும் தெரிந்தது.

என்ன செய்கிறாள், ஒரு நிமிஷம் பார்ப்போம் என்று நின்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பதினேழாவது கோளாறு கிடைக்காமல் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவன். கண்ணெதிரே அது நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் யாரும் இல்லை என்று முடிவுக்கு வந்தவள் கையோடு பேச ஆரம்பித்தாள். முதலில் அதட்டினாள்: "விடுடி. விடுன்னா விடணும்." பிறகு கொஞ்சினாள்: "விடும்மா, நல்ல பிள்ளையில்ல?" பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பெரிய இடத்தில் மனுக் கொடுக்கிறவள் போல, "மகாராணி, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை தயவு பண்ணுங்க" என்றாள். அவள் அந்தக் கைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிரிப்பு வந்தது. சட்டைப் பையிலிருந்த துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டான்.

அப்போதாவது உள்ளே போயிருக்கலாம். அவள் விளையாட்டை விட்டுவிட்டுப் பல்லால் கொக்கியைத் தேட ஆரம்பித்தாள், கிடைக்கவில்லை. தொட்டியின் விளிம்பில் இடித்துப் பார்த்தாள். இடது விரல்நுனிகள் நீலம் பாய ஆரம்பித்தன. அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். இப்போது போனால், இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்பாளே என்ற பயம் அவனுக்கு வந்துவிட்டது. வெட்கம் கெட்ட பயம். அது ஒரு நிமிஷத்தைப் பத்தாக்கியது, பத்தை முப்பதாக்கியது. கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் வீட்டிலிருந்தே திருடன் போல வெளியேறி, ரொட்டிக் கடைக்கு ஓடினான். திரும்பி வந்து சாவியை வேண்டுமென்றே சத்தமாகத் திருகினான்.

"அம்மு, ரொட்டி வாங்கிட்டேன்! ஐயோ, என்ன ஆச்சு?"

மொத்தம் நாற்பது நிமிஷம். கொக்கியை நெம்பியதும் கை விட்டது. அவள் அவன் தோளில் முகத்தை வைத்து, "நீ மட்டும் வரலைன்னா?" என்று விம்மினாள். மணிக்கட்டில் சிவந்த தடம் நாலு நாள் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி மறந்திருப்பான். அவள் விடவில்லை. எதிர்வீட்டம்மாவிடம் சொன்னாள், ஸ்டோர் மேற்பார்வையாளரிடம் சொன்னாள், கையைச் சரிபார்க்கும் டெக்னீஷியனிடம் சொன்னாள்: "எங்கண்ணன் கையில ரொட்டியோட வந்து நின்னான் பாருங்க, சாமி மாதிரி!" ஒவ்வொரு தடவையும் அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்கத்தான் செய்தது. ஆனால் நெஞ்சு குறுகுறுத்ததே தவிர, பேனா ஓயவில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே எழுதி முடித்திருந்தான்:

'17. பிடிவாதம். பிடித்ததைக் கை விடாது. உடையவர் மூன்று சுற்று அதனிடம் கெஞ்ச வேண்டும். முதல் சுற்றில் அதட்டி, இரண்டாவதில் கொஞ்சி, மூன்றாவதில் "மகாராணி" என்று மரியாதையோடு அழைத்து. மேஜையில் இருப்பவர்கள் சிரித்தால் கை விடும்.' அதன் கீழே மாதிரி வசனமாக, துண்டுச்சீட்டிலிருந்த அவள் வார்த்தைகளையே அப்படியே போட்டான்.

பதிப்பாளர் போனில் குதித்தார். "அந்தப் பதினேழு இருக்கு பாருங்க, அதுதான் சார் புத்தகமே! பின் அட்டையில போடறேன்." ரூல்ஸ் சந்தோஷப்பட்டான். சந்தோஷப்பட்டதற்காக அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டான். மகாராணியை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று சீமாட்டி போட்டுப் பார்த்தான், எஜமானி போட்டுப் பார்த்தான். ஒன்றும் சரியாக வரவில்லை. மறுபடி மகாராணியையே வைத்தான். திருடினாலும் ரசனையோடு திருடுகிறவன்.

திங்கட்கிழமை காலை கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். முதல் நாள் ஞாயிறு, கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்ப்பதென்று ஏற்பாடு. ஆடும் இடம் பல் டாக்டரின் கிளினிக். ஞாயிறு விடுமுறை என்பதால் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மேஜையைப் போட்டுக்கொள்வார்கள். வழக்கமாக ஆடுகிறவர்கள் மூன்று பேர்: பல் டாக்டர், கணக்கு டீச்சர், ஒரு கூரியர்காரர். கூரியர்காரருக்கு அன்று காய்ச்சல். டீச்சர் போன் செய்தார்.

"ரூல்ஸ், உங்க தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்களேன். நிஜமாவே இயந்திரக் கை வெச்சிருக்கிறவங்க ஒருத்தர் ஆடிப் பாத்தா நமக்கும் நல்லதுதானே?"

"அவளுக்கு இதெல்லாம் பிடிக்காதுங்க டீச்சர்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "யார் சொன்னது? நான் வர்றேன் டீச்சர். இவன் அந்த ரூமுக்குள்ள அப்படி என்னதான் பண்றான்னு நானும் பாக்கணும்ல."

போகும் வழியெல்லாம் ரூல்ஸ் மனதுக்குள் கணக்குப் போட்டான். பதினேழு விழ இருபதில் ஒரு வாய்ப்பு. விழுந்தால்? கதை நடத்துகிறவனுக்கு முன்னால் அட்டைத் தடுப்பு ஒன்று நிற்கும். பட்டியல் அதற்குப் பின்னால் அவன் கண்ணுக்கு மட்டும். பதினேழு விழுந்தால் பதினாறைப் படித்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி நினைத்துக்கொண்டு சற்று நிம்மதியாகக்கூட இருந்தான். போன வாரமே பட்டியலை டாக்டருக்கும் டீச்சருக்கும் அவனே அனுப்பியிருந்தது அந்த நிம்மதியில் மறந்துபோய்விட்டது.

கிளினிக்கில் கிராம்புத் தைல வாசனை. 'தினமும் இருமுறை பல் துலக்குங்கள்' என்ற படத்துக்குக் கீழே உட்கார்ந்தார்கள். தங்கைக்கு ஒரு பாத்திரம் கொடுத்தார்கள்: கீழடுக்கில் பூட்டு உடைப்பவள். அவளுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. காவல்காரனை ஏமாற்ற அவள் சொன்ன பொய்யைக் கேட்டு டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். இடைவேளையில் டீச்சரிடம் ரொட்டிக் கதையையும் சொல்லிவிட்டாள். "எங்கண்ணன் ரொட்டியோட வந்து நின்னான் பாருங்க" என்ற இடம் வந்தபோது ரூல்ஸ் பென்சில் சீவப் போய்விட்டான்.

நல்லவேளை, அந்தக் கதையில் அவள் கையோடு பேசியதை ஒருபோதும் சேர்ப்பதில்லை. அது அவளுக்கு மட்டுமே உரியது.

நாலு மணி வாக்கில் அவள் பாத்திரம் சந்தையில் ஒரு பழைய கை வாங்கியது. "உருட்டுங்க, உருட்டுங்க" என்றார் டாக்டர். அவள் இடது கையால் பகடையை எடுத்து, இயந்திரக் கையின் உள்ளங்கையில் வைத்து மூடி, குலுக்கித் திறந்தாள். பகடை தடுப்பில் மோதி நின்றது.

பதினேழு.

"பதினேழு," என்று தொண்டையைச் செருமிக்கொண்டான் ரூல்ஸ். "துரு வாசனை. கையிலிருந்து எப்பவும் துரு நாத்தம் வரும். நாய்ங்க பின்னாடியே..."

"ஐயா, அது பதினாறு!" டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பதினேழு மகாராணி! என்ன ரூல்ஸ், உங்க பெஸ்ட் ஐட்டத்தையே முழுங்கப் பாக்கறீங்களே. கேளும்மா, நான் பண்ணிக் காட்டறேன்." கட்டிப்போட்டவர் போல இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "விடுடி! விடுன்னா விடணும்! விடும்மா, நல்ல பிள்ளையில்ல? மகாராணீ... கோவிச்சுக்காதீங்க மகாராணீ..."

டீச்சருக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. டாக்டரே சிரித்து இருமினார்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ரூல்ஸ் உட்கார்ந்திருந்தான். கத்தவும் முடியவில்லை, மூச்சு விடவும் முடியவில்லை. தங்கை சிரிக்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள், பிறகு தடுப்புக்கு மேலே தெரிந்த அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை.

"அது என் பாத்திரம்தானே டாக்டர்? நானே பண்றேன்," என்றாள்.

இயந்திரக் கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். சாதாரணக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். அதட்டினாள். கொஞ்சினாள். "மகாராணி, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை தயவு பண்ணுங்க." அங்கே நிறுத்தவில்லை. "அண்ணா, போயிட்டியா?" என்றாள். "யாராவது இருக்கீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். "அருமையா நடிக்கிறீங்கம்மா," என்றார், சரியாக என்ன சொல்வதென்று தெரியாமல். டீச்சர் மட்டும் கணக்கு டீச்சராகவே இருந்தார். "ஆனா யாரும் சிரிக்கலையே," என்றார் பட்டியலைப் பார்த்து. "ரூல்படி கை விடாது."

"சரி டீச்சர், விட வேணாம். ஒரு சந்தேகம். என் பாத்திரத்தோட அண்ணன் பக்கத்து ரூம்ல இருக்கான். அவளுக்கு அது தெரியாது. அவனுக்கு என்ன ரூல்?"

"அட, நல்ல கேள்வி!" டீச்சர் முகம் மலர்ந்தது. "இந்த ஓட்டையை நான் பாக்கவே இல்லையே. ரூல்ஸ், என்ன உருட்டணும் அவன்?"

ரூல்ஸ் வாயைத் திறந்தான். பிறகு தடுப்புக்குப் பின்னாலிருந்த பட்டியலைப் பார்த்தான். "அதுக்கு... எழுதலைங்க," என்றான் கடைசியில்.

"எழுதணும்ல," என்றாள் தங்கை. கையைத் திறந்து மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் பக்கத்தில் உட்காரத் தைரியமில்லாமல் இரண்டு நிறுத்தம் நின்றுகொண்டே வந்தான். இறங்கியதும் தெரு முனையில் அவள் நின்றாள். பழைய டயர் கடை பூட்டிக் கிடந்தது. அதன் படியில் உட்கார்ந்தாள்.

"கதவு சாத்துற சத்தம் கேட்டுது எனக்கு," என்றாள்.

"சாத்தினேன். போகலை."

"எங்க நின்னே?"

"சமையலறைக் கதவுகிட்ட."

"எவ்வளவு நேரம்?"

பொய் சொல்ல அப்போதும் ஒரு இடம் இருந்தது. இப்போதுதான் வந்தேன், கடைசியில் கொஞ்சம் கேட்டேன் என்று. நாக்கு நுனி வரை வந்தது. வெட்கமில்லாத நாக்கு. "முழுக்க," என்றான். "கடைசிப் பத்து நிமிஷம்தான் கடைக்குப் போனேன்."

"நான் அழுததைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதையும் எழுதியிருக்கியா?"

"இல்லை. அது வரைக்கும்தான் எழுதினேன். அதுக்கப்புறம் எழுதலை."

"பெரிய மனசு," என்றாள்.

அவன் படிக்குக் கீழே குந்தி உட்கார்ந்தான். "ஒரு நிமிஷம்னு நின்னேன் அம்மு. அப்புறம் எப்படி உள்ள வர்றதுன்னு தெரியலை. உன்கிட்ட சொல்லணும்னு எட்டு மாசமா..."

"சொல்லியிருப்பியா?"

யோசித்தான். "தெரியலை," என்றான். அது ஒன்றாவது உண்மை.

"மாட்டிக்கிட்டவங்க போன் பண்ணா உன் ஆபீஸ்ல என்ன சொல்லுவே?"

அவன் பூட்டிய கடைக் கதவைப் பார்த்தான்.

"சொல்லு."

"பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கார்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். "அந்த ரொட்டியை நான் ஊரெல்லாம் சொன்னேன்டா," என்றாள். "இன்னிக்குக்கூட அந்த டீச்சர்கிட்ட சொன்னேன். நீ பென்சில் சீவப் போனே." சட்டைக் கையை இழுத்து இடது மணிக்கட்டை மூடிக்கொண்டாள். தடம் எப்போதோ மறைந்துவிட்டிருந்தது.

"பதினேழை எடுத்துடறேன்," என்றான். "இன்னிக்கே எடுத்துடறேன். பின் அட்டைலேர்ந்தும் எடுக்கச் சொல்றேன்."

"எடுத்தா? நடக்கலைன்னு ஆயிடுமா? நீ எடுத்துட்டு நிம்மதியாத் தூங்குவே. அது வேணாம். இருக்கட்டும். ஆனா சரியா எழுது. மகாராணியை எடு, அது என்னோடது. அவங்க சிரிச்சா விடும்னு போட்டிருக்கியே, அதை எடு. யாரும் சிரிச்சு அது விடலை. மூணு சுற்று இல்லை, நாப்பது நிமிஷம். அப்புறம் டீச்சர் கேட்டாங்களே, அதை எழுது."

"என்ன எழுதட்டும்?"

"பக்கத்து ரூம்ல இருக்கிறவனுக்குப் பகடை கிடையாது. எழுந்து வரணும்."

பழக்கதோஷம், கேட்டுவிட்டான்: "வரலைன்னா?"

அவள் படியிலிருந்து எழுந்தாள். "வரலைன்னா என்னன்னு உனக்கு ரூல் வேற வேணுமா?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். சாவி அவளிடம் இருந்தது. அவன் வருவதற்குள் கதவைத் திறந்து, அவனுக்காகத் திறந்தே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னபடியே எழுதினான். விளக்கம் சேர்க்கவில்லை, அழகு பண்ணவில்லை. திங்கட்கிழமை பதிப்பாளர் படித்துவிட்டு, சிரிப்பெல்லாம் போய்விட்டதே என்று முதலில் புலம்பினார், ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, "அந்தக் கடைசி வரியை எங்கேர்ந்து சார் பிடிச்சீங்க?" என்றார். "பிடிக்கலை, கொடுத்தாங்க," என்றான். புத்தகம் நன்றாகவே போனது. முன்பின் தெரியாத ஆட்கள் கடிதம் எழுதினார்கள்: எங்கள் மேஜையில் பதினேழு விழுந்தது, பக்கத்து அறையில் இருந்தவன் பகடையைத் தேடினான், பகடை இல்லை என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தான் என்று. ஒவ்வொரு கடிதத்தையும் அவன் முழுக்கப் படித்தான். யாருக்கும் பதில் போடவில்லை.

வீட்டில் எல்லாம் முன்போலத்தான் நடந்தது. அவள் பேசினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், மழை வந்தால் துணியை எடுத்தாள். ரொட்டிக் கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டம்மா ஒருநாள் அதைத் தானே ஆரம்பித்து, "உங்கண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்றபோது, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுக் குப்பை வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இவன் அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். எதிர்வீட்டம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

புத்தகம் வந்து இரண்டு மாதமிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை சமையலறையில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அவள் கூப்பிடவில்லை. அவன் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தான். அவன் மேஜையிலிருந்து சமையலறைக்குப் பதினோரு அடி. இப்போதெல்லாம் அவனுக்கு அது தெரியும். ஓடினான். நாற்காலி பின்னால் கவிழ்ந்தது.

அவள் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தாள். இயந்திரக் கை இடது மணிக்கட்டைச் சட்டையோடு கவ்வியிருந்தது. உறைக்கடியில் கொக்கியிலிருந்து ஒரு நூல் தொங்கியது, அட்டைப்பெட்டி கட்டும் நீல நைலான் நூல். குனிந்து அதன் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். கிளிக் என்றது. கை விட்டது.

"வந்துட்டியா," என்றாள், திரும்பிப் பார்த்து. கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

"வந்தேன்," என்றான், மூச்சு வாங்க.

அவள் குழாயைத் திறந்தாள். நூல் அவள் மணிக்கட்டில் ஆடியது. அதன் நுனி கடித்துக் கடித்து நார் நாராகப் பிரிந்து, நீலம் வெளுத்திருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை இழுத்த நூல் அப்படி ஆகாது. எத்தனை சனிக்கிழமை, எத்தனை சாயங்காலம், அவன் பதினோரு அடி தள்ளி உட்கார்ந்திருந்தபோதே அவள் இங்கே மாட்டிக்கொண்டு, அவனைக் கூப்பிடாமலே விடுபட்டிருக்கிறாள்.

"அம்மு, எத்தனை தடவை?"

தண்ணீர்ச் சத்தத்தில் அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"அந்தத் தட்டை எடுத்து வை அண்ணா," என்றாள்.

அவன் குனிந்து தட்டை எடுத்தான்.